வட்ஸ்அப்பில் பேசி முடித்த காணியும் ஈ-கையொப்பமும்

கேள்வி: கோண்டாவிலில் 4 பரப்புக் காணி. உரிமையாளர் ரொறன்ரோவில் வசிக்கும் ஒரு பெண். விலை, எல்லை, உறுதி முடிக்கும் மாதம் எல்லாம் வட்ஸ்அப்பில் பேசி முடித்தோம். செயலி ஒன்றில் ஈ-கையொப்பம் வைத்து பிடிஎப் உடன்படிக்கையும் அனுப்பினார். அவர் சொன்னபடி, இங்கே இருக்கும் அவருடைய தம்பியின் கணக்குக்கு 15 லட்சம் ரூபா முற்பணம் போட்டேன். இப்போது வேறொருவர் கூட விலை தருகிறாராம், காணி இல்லை என்கிறார். பிடிஎப்பைக் காட்டிக் காணியை எழுதி வாங்க முடியுமா? (வாசகர், கொக்குவில்)

பதில்: காணியை எழுதி வாங்க முடியாது. பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு அந்தச் செய்திகள் நன்றாகவே உதவும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அசையாச் சொத்தை விற்பது மட்டுமல்ல, விற்பதாக உடன்படுவதும்கூட எழுத்தில் இருந்து, நொத்தாரிசு ஒருவர் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் கையொப்பமானால்தான் சட்டத்தில் செல்லும். (ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் இதே விதிதான். கடை வாடகைக்கு எடுப்பவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை.)

2006இன் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்தபின் ஈ-கையொப்பம் எல்லாவற்றுக்கும் செல்லும் என்று பலர் நம்புகிறார்கள். சரக்குக் கட்டளை, சேவை ஒப்பந்தம் போன்றவற்றுக்குச் செல்லும். ஆனால் அதன் 23ஆம் பிரிவு சிலவற்றை வெளியே நிறுத்துகிறது: காணி விற்பனை ஒப்பந்தம், அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), மரண சாசனம். உங்கள் பிடிஎப் அகப்படுவது இங்கேதான். எவ்வளவு விலை கூடிய செயலியில் ஒப்பமிட்டிருந்தாலும் நிலைமை மாறாது.

இனிப் பணம். இந்த வழக்கில் நீங்கள் காட்டவேண்டியவை இரண்டு: எதற்காகக் கொடுத்தீர்கள், யார் விற்க மறுத்தது. இரண்டாவதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். கோபத்தில் "எனக்கும் உங்கட காணி வேண்டாம்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டால், நாங்கள் விற்கத் தயாராகத்தான் இருந்தோம், விலகியது அவர்தான் என்று மறுபக்கம் வாதாட இடம் கிடைத்துவிடும். அதனால், மீதிப் பணத்துடன் உறுதி முடிக்கத் தயார் என்று அமைதியாக எழுதி, அவருடைய மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். பணம் தம்பியின் கணக்குக்குப் போனதால் கோரிக்கைக் கடிதம் இருவர் பெயருக்கும் போகட்டும். வழக்கானால் தம்பியையும் எதிராளியாகச் சேர்ப்பது நல்லது. கனடாவுக்கு அழைப்பாணை சேர்ப்பிக்கக் காலம் எடுக்கும், தம்பி இங்கேயே இருக்கிறார். எழுதாத ஒப்பந்தத்துக்கு வழக்குக் கால எல்லை 3 ஆண்டு, எழுதியதற்கு 6. உங்களுடையது எந்த வகை என்று வாதாடிக்கொண்டிராமல், பணம் போட்ட நாளிலிருந்து 3 ஆண்டு என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

சான்றைக் காப்பது இன்றே செய்யவேண்டிய வேலை. அந்த உரையாடலில் தானாக மறையும் செய்திகளுக்கான அமைப்பு போடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது 24 மணி, 7 நாள், 90 நாள் என மூன்று அளவில் இருக்கும். இப்போது அதை நிறுத்தினாலும், அது இயங்கியபோது வந்த செய்திகள் குறித்த நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே முதலில் அவற்றை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். மேலே "கனடா அக்கா" என்று நீங்கள் சேமித்த பெயர் மட்டும் தெரியும் படம் பலவீனமானது, அந்தப் பெயரை எந்த இலக்கத்துக்கும் வைக்கலாம். பெயரைத் தட்டி +1 என்று தொடங்கும் இலக்கம் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். ஏற்றுமதி செய்தால் கிடைப்பது எவரும் திருத்தக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு, அது பிரதிக்கு உதவும். மூலம் கைபேசியில்தான் இருக்கிறது. வழக்கு முடியும்வரை அதை விற்கவும் வேண்டாம், புதிதுபோல அழித்து அமைக்கவும் வேண்டாம். வங்கிச் சீட்டை வங்கியிடமிருந்தே முத்திரையோடு வாங்குங்கள்.

காணி ஒப்பந்தத்தை 2006 சட்டம் விலக்குவதால், உங்கள் செய்திகள் எந்தச் சட்டத்தின் கீழ் சான்றாகும் என்ற கேள்வியை மறுபக்கச் சட்டத்தரணி கிளப்பலாம். அதனால், இவற்றைச் சான்றாக வைக்கப்போகிறோம் என்று 1995இன் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் கேட்கும் அறிவித்தலை, வழக்கு விசாரணைக்குக் குறித்த நாளுக்கு 45 நாள் முன்பே மறுபக்கத்துக்குக் கொடுத்துவிட உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். கைபேசியைப் பரிசோதிக்க மறுபக்கம் கேட்கவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

அவர் மனம் மாறி விற்க வந்தால், முற்பணத்தையும் குறிப்பிட்டு நொத்தாரிசு உடன்படிக்கை எழுதுங்கள். அவர் வரமுடியாவிட்டால் இங்கே ஒப்பமிடுபவருக்கு அற்றோணித் தத்துவம் வேண்டும். ரொறன்ரோத் துணைத் தூதரகத்தில் நேரில் ஒப்பமிட்ட மூலப் பத்திரம் இலங்கைக்கு வந்து பதிவாகவேண்டும், ஸ்கான் பிரதி போதாது. கொடுத்தவர் இறந்தால் அது செயலிழக்கும், உறுதி முடிக்கும் அன்று அவர் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்துங்கள். அவர் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட திருமணமான பெண் என்றால் 1911 கட்டளைச் சட்டப்படி கணவரின் எழுத்துச் சம்மதம் தேவை. காணி பிரிக்கப்படாத பங்கு என்றால் பங்காளிகளின் முன்கொள்வனவு உரிமையை (வெளியாருக்கு முன் தாங்களே வாங்கும் உரிமை) பற்றியும் நொத்தாரிசிடம் கேளுங்கள், பின்னால் அவர்கள் வழக்கு வைக்கலாம்.

இன்னொன்று. நீங்கள் பேசியது உரிமையாளரோடுதானா? சில விநாடிக் குரல் பதிவே ஒருவரின் குரலைச் செயற்கையாகப் பேசவைக்கப் போதும். வாய்ஸ் நோட்டைக் கேட்டுப் பணம் போடவேண்டாம். உறவினர் ஒருவரிடமிருந்து பெற்ற இலக்கத்துக்கு நீங்களே அழைத்துப் பேசுங்கள். காணிப் பதிவகப் பதிவில் உள்ள பெயரும் பணம் போகும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். உரிமையாளர் மனம் மாறியது சிவில் விவகாரம், பொலிஸ் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் கதை வேறு: அது குற்றவியல் குற்றம், அன்றே வங்கிக்குச் சொல்லிவிட்டுப் பொலிஸுக்குப் போங்கள்.