கார் நிற்கும் இடத்தில் நின்று திரும்பிப் பாருங்கள்

கேள்வி: தாத்தா வாங்கிய 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டை இரண்டு வருடம் வேலை பார்த்து மறுபடி ஓட வைத்துவிட்டேன். கருநீல பெயின்ட். நேரில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது, படத்தில்தான் அந்த அழகு வரவே இல்லை. போன ஞாயிறு மாலை மெரினாவில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் பின்னால் தெரிகிற மாதிரி நிறுத்தி எடுத்தேன். வானம் வெளுத்துவிட்டது, கார் கறுத்துவிட்டது, கதவு முழுக்கக் கடைகளும் ஆட்களும். சென்னையில் கார் படம் எடுக்க நல்ல இடம் எது? என்னிடம் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றும் போனும் இருக்கின்றன.
- வாசகர், பெரம்பூர்

பதில்: முதலில் வாழ்த்துகள். ஹெரால்ட் இந்த ஊர்ப் பிள்ளை. 1961 முதல் சென்னையிலேயே செய்யப்பட்ட கார். அதைக் குப்பைக்குப் போகவிடாமல் காப்பாற்றியிருக்கிறீர்கள். அதற்கு நல்ல படம் கிடைத்தே ஆக வேண்டும்.

நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் தவறில்லை, நேரத்தில்தான் தவறு. கடற்கரைச் சாலைக் கட்டடங்கள் கடலைப் பார்த்து, அதாவது கிழக்கு நோக்கி நிற்கின்றன. மாலையில் சூரியன் அவற்றின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். நீங்கள் மேற்கே பார்த்து எடுத்தபோது வெளிச்சம் முழுவதும் நேராக உங்கள் லென்ஸுக்கு வந்தது. காரின் உங்கள் பக்கம் நிழலில் கிடந்தது. கேமரா வானத்தைக் கவனித்ததா, காரைக் கவனித்ததா என்று தடுமாறியிருக்கும்.

கதவில் தெரிந்த கடைகள் வேறு விஷயம். இடம் தேடுகிற எல்லோரும் காருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். ஆனால் பாலிஷ் போட்ட கார் ஒரு கண்ணாடி. கருநீலமும் கறுப்பும் இன்னும் மோசம், எதிரே இருப்பது எல்லாமே அதில் தெரியும். கேமராவுக்குப் பின்னால் மின்கம்பம் இருந்தால் அது காரின் கதவில் வளைந்து நிற்கும். அதனால் ஓர் இடத்துக்குப் போனால் காரை நிறுத்துவதற்கு முன், அது நிற்கப்போகிற இடத்தில் நீங்கள் போய் நின்று, கேமரா வரப்போகிற பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கே கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் உங்கள் கதவில் தெரியும். திறந்த வானம், வெறும் மணல், ஒரே நிறத்தில் நீளமான மதில் என்றால் நிறுத்துங்கள். பெட்டிக்கடை, பேனர், வரிசையாக பைக் என்றால் அடுத்த இடம் பாருங்கள். நீங்களும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். நான் ஒருமுறை மஞ்சள் சட்டையில் போய், எடுத்த படத்தில் பாதிக்கு மேல் கழித்துப்போட வேண்டியதாயிற்று.

இந்தக் கண்ணோடு மெரினாவுக்கு மறுபடி போங்கள், ஆனால் விடியற்காலையில். மணலை ஒட்டிய உட்புறச் சாலையில், கடைகள் மறைக்காத ஓரிடமாகப் பார்த்து நிறுத்துங்கள். நீங்கள் கடல் பக்கம் நின்று மேற்கே பார்த்து எடுங்கள். இப்போது கதவில் விழுவது வானம், மணல், நடுவே ஒரே கோடாகத் தொடுவானம். ஹெரால்டின் முன் விளக்கிலிருந்து பின்னால் அந்தச் சின்ன வால் வரை அந்தக் கோடு ஓடும்போது காரின் உடல்வாகு அப்படியே தெரியும். ஸ்டுடியோவில் பெரிய பெரிய விளக்குகளை வைத்து இதைத்தான் செய்கிறார்கள். சூரியன் உதிப்பதற்குக் கால்மணி நேரம் முன்பே தயாராக இருங்கள், அந்த நேரத்துக் கிழக்கு வானத்தைப் போல மென்மையான விளக்கு கிடையாது. நம் ஊரில் சூரியன் சரேலென்று மேலே ஏறிவிடும். உதித்து அரை மணி நேரத்துக்குப் பிறகு வெயில் கடுமையாகிவிடுகிறது. மே, ஜூனில் ஐந்தே முக்காலுக்கே உதயம், ஜனவரியில் ஆறரைக்குத்தான்.

ஆனால் உங்கள் காருக்கு என்று ஓரிடம் கேட்டால் நான் ராஜாஜி சாலையைத்தான் சொல்வேன். பொது தபால் நிலையத்தின் சிவப்புக் கட்டடம் 1884-இல் முடிந்தது. உங்கள் செனட் ஹவுஸை வடிவமைத்த அதே ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்ததுதான். அதுவும் கிழக்கு நோக்கியது, காலை வெயிலில் அந்தச் செங்கல் நிறம் கருநீலத்துக்குப் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஞாயிறு காலை அலுவலகங்கள் மூடியிருக்கும், லாரி, பஸ் குறைவு. பின்னாலுள்ள ஜார்ஜ் டவுன் சந்துகளுக்குள்ளும் தைரியமாக நுழையலாம், ஹெரால்ட் குறுகிய இடத்தில் திரும்புவதற்குப் பேர்போன வண்டி. மூடிய மரக்கதவும் பூச்சு உதிர்ந்த சுவரும் அந்தக் கார் புதிதாக ஓடிய காலத்தவை. கண்ணாடி மாளிகைகள் நிற்கிற ஓஎம்ஆரில் இந்தக் கார் விருந்தாளி மாதிரி தெரியும், இங்கே வீட்டு ஆள் மாதிரி தெரியும். ஒன்று மட்டும் கவனம்: துறைமுகம், ரிசர்வ் வங்கி, உயர் நீதிமன்றம், கோட்டை எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன. கேமராவை அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம். காவலர் வந்து கேட்டால் படத்தைக் காட்டி விவரம் சொல்லுங்கள், போகச் சொன்னால் கிளம்பிவிடுங்கள். ஸ்டாண்டு, குடை, விளக்கு என்று கடை பரப்பினால் அது சினிமா படப்பிடிப்பு மாதிரி ஆகிவிடும், அதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

பகலில்தான் நேரம் கிடைக்கும் என்றால் மேம்பாலத்துக்கு அடியில் போங்கள். உச்சி வெயிலில் காரின் கூரை மட்டும் பளபளத்து, பக்கம் இருண்டுவிடும். பாலம் மேலே மூடிக்கொண்டால் வெளிச்சம் பக்கவாட்டில் மட்டும் வரும், காருக்கு அதுதான் வேண்டும். கத்திப்பாராவுக்கு அடியில் மெட்ரோ நிறுவனம் அமைத்த சதுக்கத்தில் பார்க்கிங் கட்டணம் கொடுத்து நிறுத்தலாம், எடுப்பதற்கு முன் அங்குள்ள ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கண்ணகி நகர்ச் சுவரோவியங்களை யாராவது சொல்வார்கள். அழகானவைதான். ஆனால் அவை ஆட்கள் குடியிருக்கிற வீடுகளின் சுவர்கள், கேட்காமல் காரை முன்னால் நிறுத்துவது முறையல்ல. தவிர, அந்த வண்ணங்களுக்கு முன்னால் உங்கள் கருநீலம் எடுபடாது. மணலில் மட்டும் காரை இறக்கவே இறக்காதீர்கள். சக்கரம் புதைவது ஒருபுறம் இருக்கட்டும், இரண்டு வருட வேலையில் உப்பு ஏறிவிடும்.

எடுக்கும்போது உங்கள் கண்ணை முன் விளக்கின் உயரத்துக்கு இறக்குங்கள், மண்டி போட்டால் சரியாக வரும். முன்புறமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரிகிற கோணத்தில் நின்று, வீல் கப் கேமராவைப் பார்க்கிற மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்பி வையுங்கள், டயரின் பட்டை தெரியக் கூடாது. போனில் எடுத்தால் 1எக்ஸ் வேண்டாம், 2எக்ஸ் ஜூம் வைத்துப் பின்னால் நகர்ந்து எடுங்கள். கிட்டத்தில் நின்றால் மூக்கு ஊதிப்போகும். கண்ணாடியில் வானம் அதிகம் அடித்தால் டிஎஸ்எல்ஆருக்குப் பிரதிபலிப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அப்புறம், ஏசி அறையில் இருந்த கேமராவைக் கடற்கரைக் காற்றில் உடனே எடுத்தால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். அது போவதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். முந்தைய இரவே கேமரா பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள்.

ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாய்ந்து திறக்குமே, அதையும் எடுக்காமல் விடாதீர்கள். அந்தப் படத்துக்கு ராஜாஜி சாலை வேண்டாம். பெரம்பூரில் உங்கள் வீட்டுத் தெருவிலேயே, வெயில் ஏறாத காலையில், எதிர்ச் சுவர் வெறுமையாக இருக்கிற பக்கம் நிறுத்தி எடுங்கள். எடுத்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.