டாக்டர் பதில்கள்: கணையத்துக்கே நேராக மருந்து?

கேள்வி: என் அண்ணனுக்குப் பித்தக்கல்லால் கடுமையான கணைய அழற்சி. சில நாட்களாக ஐ.சி.யூ.வில் இருக்கிறார். கணையத்துக்குப் போகும் ரத்தக்குழாயிலேயே மருந்தைச் செலுத்தும் சிகிச்சை உண்டாமே? டாக்டர் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நாங்களாகக் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அதற்காகவே வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். இந்த நோயில் கணையத்தின் செரிமான நொதிகள் அதையே அரிக்கின்றன. உள்ளே இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கி அடைபடுவதால், கை நரம்பில் ஏற்றும் மருந்து அங்கே போதுமான அளவு போய்ச் சேராது. அதனால் தொடைத் தமனி வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி கணையத்துக்கு ரத்தம் கொடுக்கும் கிளை வரை கொண்டுபோய், அங்கேயே வைத்துச் சில நாட்கள் மருந்தைச் சொட்டவிடுவார்கள். 1990களில் ஜப்பானில் நாஃபமோஸ்டாட் என்ற நொதித் தடுப்பு மருந்தையும் இமிபெனம் என்ற ஆன்டிபயாடிக்கையும் இப்படிக் கொடுத்தார்கள். ஆரம்ப முடிவுகள் ஆசை காட்டின. அப்புறம் அதே ஜப்பானில் பல மருத்துவமனைகளின் பதிவுகளைச் சேர்த்து ஒப்பிட்டபோது, இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. தமனிக்குள் நாள்கணக்கில் குழாய் கிடந்தால் ரத்தக்கசிவு, ரத்தக்கட்டி, கிருமித்தொற்று என்று அதற்கும் ஆபத்துகள் உண்டு. அதனால் இதை வழக்கமான சிகிச்சையாக நான் பரிந்துரைப்பதில்லை.

இப்போது உயிர் காப்பது பெரும்பாலும் பகட்டில்லாத கவனிப்புதான். சலைனைக்கூட அளந்துதான் ஏற்ற வேண்டும். வேகமாக நிறைய ஏற்றினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்பதை 2022இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வலியைக் குறைக்க வேண்டும். வாயால் சாப்பிட முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகச் சீக்கிரமே உணவு கொடுக்க வேண்டும். கணையத்துக்கு ஓய்வு என்று பட்டினி போடும் காலம் போய்விட்டது!

டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: நுரையீரல், சிறுநீரகம், ரத்த அழுத்தம் எப்படி இருக்கின்றன? உறுப்புச் செயலிழப்பு 48 மணி நேரத்தைத் தாண்டி நீடித்தால்தான் நாங்கள் 'கடுமையானது' என்கிறோம். அடுத்து, பித்தநாளத்தில் கல் அடைத்துச் சீழ் பிடித்திருக்கிறதா? இருந்தால் எண்டோஸ்கோப் மூலம் அவசரமாக எடுக்க வேண்டும். பித்தப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சையை, கணையத்தைச் சுற்றித் தேங்கிய நீர் வடிந்த பிறகு வைத்துக்கொள்வார்கள். அதற்குச் சில வாரங்கள் ஆகும்.