மூங்கில் கூடைக்குள் என்ன? ஹாங்காங் டிம் சம் கேள்வி பதில்

ஹாங்காங்குக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. மனைவி வீட்டார் கான்டனீஸ்காரர்கள், அதாவது தென்சீனத்துக் கான்டனீஸ் மொழி பேசுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் மாமியாரோடு டிம் சம் கடைதான், தப்பிக்க முடியாது. நான் சமையல்காரன் இல்லை, சாப்பிடுகிறவன். அந்த அளவுக்குத்தான் இந்தப் பதில்கள். கேள்விகளை வந்த வரிசையிலேயே போடுகிறேன்.

கேள்வி: டிம் சம் என்கிறார்கள், யாம் சா என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? எந்த நேரத்தில் போக வேண்டும்?

டிம் சம் என்பது பண்டம், சின்ன மூங்கில் கூடைகளிலும் தட்டுகளிலும் வரும் கொழுக்கட்டை, பன் மாதிரியான சிறு அயிட்டங்கள். யாம் சா என்றால் 'தேநீர் குடிப்பது'. இங்கே யாரும் 'டிம் சம் சாப்பிடப் போகலாமா' என்று கூப்பிட மாட்டார்கள், 'யாம் சா போகலாமா' என்றுதான் கேட்பார்கள். நாம் காபி சாப்பிடலாம் வா என்று கூப்பிட்டு இரண்டு வடையும் ஒரு தோசையும் முடித்துவிட்டு வருவதில்லையா, அதே கதை. 'யாத் ஜோங் லியோங் கின்' என்று பழைய வழக்கு ஒன்று உண்டு. ஒரு கோப்பைத் தேநீர், இரண்டு பண்டம் என்று பொருள். வயதானவர்கள் இன்றைக்கும் அதை மட்டும் வைத்துக்கொண்டு செய்தித்தாளோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை.

காலையிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை போகலாம். கூட்டம் குறையும் மதிய நேரத்தில், சுமார் இரண்டு மணிக்கு மேல், பல கடைகளில் விலை குறைப்பு உண்டு. ஞாயிறு பதினொரு மணிக்குப் போவதென்றால் காத்திருக்கத் தயாராகப் போங்கள்.

கேள்வி: ஆபீஸ் நண்பர்களோடு போனேன். உட்கார்ந்ததும் எல்லோரும் சூடான டீயில் கிண்ணம், கரண்டி, சாப்ஸ்டிக் எல்லாவற்றையும் கழுவ ஆரம்பித்தார்கள். நான் அந்த டீயைக் குடிக்கப் போய்விட்டேன். அவமானம்.

குடிக்காமல் தப்பித்தீர்களே, அதுவே பெரிது. நான் முதல் நாளே குடித்தவன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, மைத்துனன் மட்டும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மேஜை நடுவில் ஒரு பெரிய கிண்ணம் வரும். டீயையோ வெந்நீரையோ உங்கள் கோப்பையில் ஊற்றி, சாப்ஸ்டிக் நுனியை அதில் அலசி, அதே நீரைக் கிண்ணத்தில் ஒரு சுற்று சுற்றி, அந்தப் பெரிய கிண்ணத்தில் கொட்டிவிட வேண்டும். கிருமி சாகுமா என்றால் பெரிதாகச் சாகாது. அந்தச் சூடும் நேரமும் போதாது. கடைப் பாத்திரத்தின் மேல் நம்பிக்கை இல்லாத காலத்துப் பழக்கம் அது. நம்மூரில் வாழையிலையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கிறோமே, அதுபோல. உயர்தர ஹோட்டல்களில் இதைச் செய்ய மாட்டார்கள். செய்தால் கடையைச் சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: தம்பி, நானும் வீட்டுக்காரரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அடுத்த மாதம் மகன் வீட்டுக்கு ஹாங்காங் வருகிறோம். டிம் சம் கடையில் எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

அம்மா, கிடைக்கும். ஆனால் சாதாரணக் கடையில் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வீட்டிலேயே நடந்தது.

என் அம்மா முதல்முறை வந்தபோது ஒரு கடைக்குக் கூட்டிப்போனோம். லோ பாக் கோ என்று ஒரு பண்டம். முள்ளங்கியைத் துருவி அரிசி மாவோடு சேர்த்து வேகவைத்து, துண்டு போட்டு, கல்லில் சிவக்க வறுத்துத் தருவது. 'முள்ளங்கிதானே, சாப்பிடு' என்று நானே தட்டில் வைத்தேன். அம்மாவுக்கு ருசி பிடித்துவிட்டது. இரண்டு துண்டு முடித்து மூன்றாவதைப் பிட்டபோது உள்ளே பட்டாணி அளவில் சிவப்பாக ஒன்று. 'இது என்னடா, காரட்டா?' பன்றி இறைச்சியில் செய்யும் உலர்ந்த சாஸேஜ் அது. கூடவே உலர்ந்த இறாலும் பொடியாகக் கிடந்தது. அம்மா திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு வெறும் வெந்நீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

சிக்கல் எங்கே என்றால், சாதாரணக் கடையில் 'காய்கறி' என்று எழுதியிருந்தால் முக்கியப் பொருள் காய்கறி என்றுதான் அர்த்தம். கீரையை வேகவைத்து மேலே சிப்பிச் சாறு ஊற்றித் தருவார்கள். காளான் கொழுக்கட்டையிலும் அதே சாறு இருக்கும். சேப்பங்கிழங்கு வகையில் செய்யும் வூ கோக் வெளியே வலைபோலப் பொரிந்து அழகாக இருக்கும், உள்ளே பன்றிக்கறி. மாம்பழ புட்டிங்கில் ஜெலட்டின் இருக்கலாம், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. எள்ளுருண்டை மாதிரி இருக்கும் ஜின் தோயில் உள்ளே இனிப்புதான், ஆனால் அது பொரிந்த எண்ணெயில் வேறு என்னென்ன பொரிந்தது என்று கேட்காதீர்கள்.

அதனால் நேராகச் சைவக் கடைக்கே போங்கள். அட்மிரால்டி பக்கத்தில் ஹாங்காங் பூங்காவுக்குள், தேநீர்ப் பாத்திர அருங்காட்சியகத்தை ஒட்டி லாக் சா என்று ஒரு தேநீர்க்கடை. டிம் சம் எல்லாமே சைவம். 1840களில் கட்டிய பழைய வெள்ளைக்காரர் கட்டடம் பக்கத்திலேயே இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுச் சுற்றிப் பார்க்கலாம். இன்னொன்று டயமண்ட் ஹில்லில் சி லின் பௌத்த மடத்தின் எதிரே நான் லியான் தோட்டத்தில். அருவிக்குப் பின்னால் உணவகம். பௌத்த மடச் சமையலில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. கோயில் பிரசாதம் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அந்த ருசி புதிதாகத் தெரியாது. முட்டையை மட்டும் எந்தக் கடையிலும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

'ங்கோ சிக் ஜாய்' என்றால் 'நான் சைவம்'. இதைச் சீன எழுத்தில் மகனைப் போனில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் ராகம் மாறி வேறு எதுவோ வந்துவிடும்.

கேள்வி: நான் முஸ்லிம். ஹலால் டிம் சம் என்று ஒன்று உண்டா, அல்லது இறால் மட்டும் சாப்பிட்டுச் சமாளிக்கலாமா?

இறாலை நம்பாதீர்கள். ஹார் காவ் என்னும் இறால் கொழுக்கட்டையில் இறால் உலர்ந்துபோகாமல் இருக்கப் பன்றிக்கொழுப்பைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பது பழைய முறை. பார்த்தால் தெரியாது. வான் சாய் பகுதியில் ஓய் குவான் சாலையில் மசூதியும் இஸ்லாமிய மையமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. அதன் ஐந்தாம் மாடி கேன்டீனில் ஹலால் டிம் சம் கிடைக்கும். அலங்காரம் ஒன்றும் இல்லை, நம்மூர் மெஸ் மாதிரிதான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரத்தில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: மாட்டுக்கறி மட்டும் சாப்பிட மாட்டோம். எதைத் தவிர்க்க வேண்டும்?

ங்காவ் என்ற சொல் எதில் வந்தாலும் தவிர்த்துவிடுங்கள். வேகவைத்த பெரிய உருண்டைகள் கூடையில் வந்தால் பெரும்பாலும் மாட்டுக்கறி. சியோங் ஃபன் என்னும் அரிசிமாவுச் சுருள் சொல்லும்போது உள்ளே இறாலா, பன்றியா, மாடா என்று கேட்டு வாங்குங்கள். சுருட்டிய பிறகு மூன்றும் ஒரே மாதிரி இருக்கும்.

கேள்வி: ஹார் காவ் நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாக் கடையிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

இல்லை சார், ஒன்றுபோல இல்லவே இல்லை. ஒரு கடையை எடைபோட நான் முதலில் சொல்வதே ஹார் காவ்தான்.

அதன் மேல்தோலுக்கு அரிசி மாவு கிடையாது. கோதுமையிலிருந்து பசையை நீக்கி எடுத்த ஸ்டார்ச்சும் மரவள்ளி ஸ்டார்ச்சும் சேர்ந்தது. அதில் கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றிக் கிளற வேண்டும். பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டைக்கு மாவு கிளறியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர் கொஞ்சம் ஆறியிருந்தாலும் மாவு வெந்து கொடுக்காது, தட்டும்போது விரிசல் விடும். தட்டுவதும் சப்பாத்திக் கட்டையால் இல்லை. எண்ணெய் தடவிய அகலமான கத்தியின் பக்கவாட்டை மாவுருண்டை மேல் வைத்து ஒரு அழுத்து, ஒரு சுழற்று, வட்டம் வந்துவிடும்.

கூடையைத் திறந்ததும் உள்ளே இறாலின் ஆரஞ்சு நிறம் தோல் வழியாக மங்கலாகத் தெரிய வேண்டும். மடிப்புகள் குறைந்தது ஏழு, கைதேர்ந்தவர் என்றால் பத்துக்கு மேல். சாப்ஸ்டிக்கில் தூக்கும்போது அடி கூடையில் ஒட்டிக் கிழியக் கூடாது. கடித்தால் இறால் நறுக்கென்று இருக்க வேண்டும். தோல் கனமாக, ஒளி புகாமல் மாவாக இருந்தால் அந்தக் கடையில் மற்றதையும் அதிகம் சொல்லாதீர்கள்.

ஒரு விஷயம்: வந்த உடனே சாப்பிடுங்கள். போட்டோ எடுத்து முடிப்பதற்குள் தோல் இறுகத் தொடங்கிவிடும்.

கேள்வி: சியோங் ஃபன் எப்படிச் செய்கிறார்கள்? இடியாப்ப மாவா?

இடியாப்பத்தைவிட இட்லிக்குக் கிட்ட. அரிசியை நைசாக அரைத்த, புளிக்காத நீர்த்த மாவு. பழைய முறையில் ஈரத்துணியை ஆவித்தட்டில் விரித்து மாவை மெல்லிசாக ஊற்றி மூடுவார்கள். வெந்ததும் துணியோடு கவிழ்த்து உரித்துச் சுருட்டுவார்கள். துணி இட்லி பார்த்தவர்களுக்குக் கண் முன்னால் வந்திருக்கும். இப்போது பல கடைகளில் துணிக்குப் பதிலாக உலோகத் தட்டு.

கேள்வி: கோழிக்கால். ஏன்?

ஏன் கூடாது? நாம் ஆட்டுக்கால் பாயா சாப்பிடுகிறோமே. பொரித்து, ஊறவைத்து, வேகவைத்து, கறுப்பு பீன்ஸ் சாறில் மறுபடி ஆவியில் ஏற்றி என்று நாலு தடவை பாடுபடுகிறது அந்தக் கால். பொரித்து ஊறவைப்பதால்தான் தோல் சுருங்கி உப்பி நிற்கிறது. கறி என்று ஒன்றும் இருக்காது. தோலைச் சப்பிவிட்டு எலும்பைத் தட்டோரத்தில் வைக்க வேண்டியதுதான். என் மாமியார் எட்டு விநாடியில் ஒன்றை முடிப்பார், எண்ணியிருக்கிறேன்.

கேள்வி: தள்ளுவண்டியில் கொண்டுவருவார்கள் என்று கேள்விப்பட்டேன். போன கடையில் ஒரு சீட்டைத்தான் கொடுத்தார்கள்.

இப்போது சீட்டுதான் வழக்கம். வேண்டியதில் டிக் அடித்துக் கொடுத்தால் சுடச்சுடச் செய்து வரும். ருசிக்கு அதுவே நல்லது. வண்டி வைக்கப் பெரிய இடம் வேண்டும், ஆள் வேண்டும். ஹாங்காங் வாடகையில் அது கட்டுப்படியாகாது. வண்டி பார்க்கவே வேண்டும் என்றால் சென்ட்ரலில் சிட்டி ஹாலின் மாடியில் மேக்சிம்ஸ் பேலஸ் இருக்கிறது.

பழைய தேநீர்க்கடைகளில் மேஜையை அந்நியரோடு பகிர வேண்டும். சாப்பிட்டு முடிக்கப்போகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று இடம் பிடிப்பதும் உண்டு. கல்யாணப் பந்தியில் பழகியவர்களுக்கு இதில் கூச்சம் இருக்காது.

கேள்வி: டீ ஊற்றும்போது மேஜையில் இரண்டு விரலால் தட்டுகிறார்கள். சத்தம் போட்டுக் கூப்பிடுவதற்கா?

நன்றி சொல்வதற்கு. வாயில் பண்டம் இருக்கும்போது இது வசதி. சீனப் பேரரசர் சியென்லோங் மாறுவேடத்தில் ஊர் சுற்றியபோது தன் ஆட்களுக்கே டீ ஊற்றினாராம். மண்டியிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று அவர்கள் விரலை மடக்கித் தட்டினார்களாம். கதைதான், ஆனால் எல்லோரும் சொல்லும் கதை. ஊற்றும் முறையையும் கவனியுங்கள்: முதலில் பெரியவர்களுக்கு, கடைசியில் தனக்கு. டீ தீர்ந்தால் கூப்பிட வேண்டாம், கெண்டியின் மூடியைச் சாய்த்து வைத்தால் போதும்.

கேள்வி: எந்த டீ கேட்பது? பால் கிடைக்குமா?

பாலைக் கேட்காதீர்கள். எண்ணெய்ப் பண்டம் அதிகம் சொன்னால் போ லெய், அதாவது பூ ஆர். கறுப்பாக, மண்வாசனையோடு இருக்கும். முதல் தடவை பிடிக்காது. மூன்றாம் தடவை வேறு எதுவும் பிடிக்காது. பழகாதவர்கள் மல்லிகை வாசனையுள்ள ஹெங் பின்னில் ஆரம்பிக்கலாம். போ லெய்யோடு சாமந்திப்பூ சேர்த்தால் குக் போ, எனக்கு அதுதான். இரண்டு கெண்டி வந்தால் ஒன்றில் வெறும் வெந்நீர், டீ திடமானால் கலந்துகொள்ள. டீயே பிரதானம் என்பவர்கள் 1933இல் தொடங்கி, இப்போது ஸ்டான்லி தெருவில் இருக்கும் லூக் யூ தேநீர்க்கடைக்குப் போகலாம். விலை கூடுதல்.

கேள்வி: எச்சில் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூச்சம். எல்லோரும் ஒரே கூடையில் கைவைப்பார்களா?

2003இல் சார்ஸ் தொற்றுநோய் வந்த பிறகு இங்கே எல்லோருக்குமே அந்தக் கூச்சம் வந்துவிட்டது. பல கடைகளில் ஆளுக்கு இரண்டு ஜோடி சாப்ஸ்டிக், வேறு வேறு நிறத்தில். ஒன்று எடுப்பதற்கு, ஒன்று சாப்பிடுவதற்கு. பாதிச் சாப்பாட்டில் எது எதுவென்று மறந்துவிடும், அது வேறு. சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாக மட்டும் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்கு ஊதுபத்தி வைப்பது மாதிரி இருக்கும்.

கேள்வி: மிஷலின் ஸ்டார் வாங்கிய மலிவான கடை ஒன்று உண்டாமே?

டிம் ஹோ வான். 2009இல் மோங் காக்கில் சின்னக் கடையாகத் தொடங்கியது, அடுத்த வருஷமே மிஷலின் உணவக வழிகாட்டியின் ஸ்டார். இன்று பல நாடுகளில் கிளைகள். மேலே மொறுமொறுப்பாகச் சுட்ட பன்றிக்கறி பன்தான் அங்கே பேர்பெற்றது. அதற்காகப் போகலாம். மற்றவற்றுக்கு உங்கள் தெருமுனைக் கடையே போதும் என்பது என் கட்சி.

கேள்வி: பில்லில் நாங்கள் கேட்காத இரண்டு மூன்று அயிட்டம் இருந்தது. ஏமாற்றினார்களா?

பெரும்பாலும் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று டீக்காசு எல்லோருக்கும் உண்டு, வெந்நீர் குடித்தாலும். உட்கார்ந்ததும் வைக்கும் வேர்க்கடலைக்கும் ஊறுகாய்க்கும் காசு. வேண்டாம் என்றால் அப்போதே திருப்பி அனுப்புங்கள். மிளகாய் சாஸுக்கும் சில இடங்களில் தனிக்காசு. அதற்கு மேல் பத்து சதவீத சர்வீஸ். பண்டங்கள் சிறியது, நடுத்தரம், பெரியது, விசேஷம் என்று வகுப்புவாரியாக விலை போட்டிருக்கும். கூடையின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கேள்வி: கான்டனீஸ் நண்பர் குடும்பம் கூப்பிட்டிருக்கிறது. பில்லை நான் கொடுக்க முயலலாமா?

முயலத்தான் வேண்டும், ஜெயிக்கத்தான் முடியாது. என் மாமியாரும் அவர் தங்கையும் பில்லுக்காகக் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வதைப் பார்த்தால் அடிதடி என்று நினைப்பீர்கள். சின்னம்மா ஒருமுறை கழிவறைக்குப் போகிறேன் என்று எழுந்து கல்லாவில் கட்டிவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் எழுந்தால் மாமியாரும் கூடவே எழுகிறார்.