கடிதம் எங்கே குடியிருக்கிறது?

மின்னஞ்சலை உலாவியில் பார்த்துப் பழகிவிட்டு, இப்போதுதான் கணினியில் தனி நிரல் ஒன்றை நிறுவிக்கொண்டவர்களின் கேள்விகள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன. அநேகம் பேர் குறிப்பிட்டிருப்பது தண்டர்பேர்ட் என்பதால் பதில்களையும் அதை வைத்தே எழுதுகிறேன். 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வெளியான இலவச நிரல் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். வேறு நிரல் வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான்களின் பெயர்தான் மாறும், விஷயம் மாறாது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணக்கைச் சேர்க்கும்போது 'ஐமேப்' வேண்டுமா, 'பாப்' வேண்டுமா என்று நிரல் கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடிதம் வரும் என்கிறான் என் மகன். அப்படியானால் எதற்கு இந்தக் கேள்வி?

பதில்: அம்மா, உங்கள் மகன் சொன்னது சரி, இரண்டிலும் கடிதம் வரும். வந்த பிறகு அது எங்கே இருக்கும் என்பதில்தான் வேறுபாடு. நிரலை நிறுவும் வேலையில் நிதானித்து யோசிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

1984-இல் 'பாப்' முறையை வகுத்தபோது, கணினி எந்நேரமும் வலையமைப்பில் இணைந்திருக்காது. ஆகவே இணைப்புக் கிடைத்த சிறிது நேரத்துக்குள் வழங்கியில், அதாவது மின்னஞ்சல் சேவையின் 'சர்வர்' கணினியில், இருக்கும் கடிதங்களை அள்ளிக்கொண்டு வந்து சொந்தக் கணினியில் போட்டுக்கொள்வது, அங்கே இருப்பதை அழித்துவிடுவது என்று ஏற்பாடு செய்தார்கள். 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்த 'ஐமேப்' வேறு விதமாக யோசித்தது. அதில் கடிதங்கள் வழங்கியிலேயே இருக்கும். உங்கள் கணினியில் தெரிவது அவற்றின் பிரதி. நீங்கள் ஒரு கடிதத்தைப் படித்தால் கைபேசியிலும் அது படித்ததாகக் காட்டும். இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும்.

எனக்கு இதன் அருமை தெரிந்த கதையைச் சொல்கிறேன். பல ஆண்டுகள் நான் 'பாப்' முறையில்தான் கடிதம் வாங்கிக்கொண்டிருந்தேன். வழங்கியில் பிரதி வைக்கும்படி அமைக்கவில்லை. அப்படி ஒரு கட்டம் இருப்பதே தெரியாது. ஒருநாள் காலையில் வன்தட்டு டிக் டிக் என்று நாலைந்து முறை ஒலித்துவிட்டு அடங்கிப்போனது. உலாவியைத் திறந்து கணக்குக்குள் போனேன். இன்பாக்ஸில் முந்தைய இரவு வந்த மூன்று கடிதங்கள் மட்டும் இருந்தன. என் தங்கை முதல் குழந்தை பிறந்த புதிதில் தினமும் எழுதிய கடிதங்கள், தூக்கம் கெட்ட இரவுகளில் இரண்டு வரி, மூன்று வரியாக அவள் எழுதியவை, எல்லாமே அந்த வன்தட்டில் இருந்தன. அவளிடமும் பிரதி இல்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆகவே ஐமேப்பையே தேர்ந்தெடுங்கள். 'பாப்' வேண்டிய காரணம் உள்ளவர்கள், கடிதங்களை வழங்கியிலேயே விட்டுவைக்கச் சொல்லும் கட்டத்தில் குறியிடுங்கள். அதன் அருகிலேயே இத்தனை நாள் வரைதான் என்று ஒரு வரம்பு இருக்கும். அதன் குறியை எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே நிறுவியவர்கள் கணக்கு அமைப்புகளுக்குள் 'சர்வர்' பக்கத்தைத் திறந்தால், மேல் வரியிலேயே எந்த வகை என்று எழுதியிருக்கும். 'பாப்' என்று இருந்தால் அந்தக் கணக்கையே ஐமேப்பாக மாற்ற முடியாது. அதே முகவரியை ஐமேப்பாக இன்னொரு முறை சேர்க்க வேண்டும். பழைய கணக்கை அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள், அம்மா. உங்கள் பழைய கடிதங்களுக்கு அதுதான் வீடு.

கேள்வி: உலாவியில் ஏற்கும் அதே கடவுச்சொல்லை நிரல் தவறு என்கிறது. பத்து முறை தட்டிப் பார்த்துவிட்டேன்.

பதில்: நீங்கள் தட்டியது சரியாகவே இருந்திருக்கும். வெளி நிரல்கள் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து உள்ளே வரும் வழியை ஜிமெயில் 2022-இல் தனிநபர் கணக்குகளுக்கு மூடிவிட்டது. அவுட்லுக் மின்னஞ்சல் சேவையும் 2024-இல் அப்படியே செய்தது. இப்போது 'ஓஆத்' என்ற முறை வந்திருக்கிறது. கணக்கைச் சேர்க்கும்போது உலாவியைப் போன்ற சிறிய சாளரம் திறக்கும். கடவுச்சொல்லை அங்கே கொடுத்து, நிரலுக்கு அனுமதி தர வேண்டும். கடவுச்சொல் நிரலின் கைக்கு வருவதே இல்லை என்பதால் இது நல்ல ஏற்பாடு. தண்டர்பேர்டில் அந்தச் சாளரம் திறந்தும் வேலை நடக்கவில்லையென்றால், நிரலின் தனியுரிமை அமைப்புகளில் குக்கீகள் (இணையதளங்கள் கணினியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) தடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் சிக்கல் இருக்கும்.

இந்த முறை தெரியாத பழைய நிரல் வைத்திருக்கிறீர்களா? ஜிமெயிலில் இரண்டு படி சரிபார்ப்பை இயக்கிவிட்டு, அந்த நிரலுக்கென்று 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல் ஒன்றைப் பெறலாம். அது திரையில் ஒரே ஒருமுறைதான் தோன்றும். சாளரத்தை மூடும் முன்பே நிரலில் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: கடிதங்கள் வருகின்றன. ஆனால் நான் எழுதுவது போக மறுக்கிறது.

பதில்: வாங்குவதும் அனுப்புவதும் இருவேறு வழங்கிகளின் வேலை. அனுப்பும் வழங்கிக்கு 'எஸ்எம்டிபி' என்று பெயர். அதன் அமைப்பு கணக்குகள் பட்டியலின் கடைசியில் தனியாக இருக்கும். அங்கே போர்ட் எண் 465 என்றால் பாதுகாப்பு 'எஸ்எஸ்எல்', 587 என்றால் 'ஸ்டார்ட்டிஎல்எஸ்'. எண் ஒன்றாகவும் பாதுகாப்பு மற்றொன்றாகவும் இருந்தால் நிரல் காத்துக் காத்துப் பார்த்துவிட்டுத் தோல்வி என்று சொல்லும்.

கேள்வி: ஐந்து படங்கள், மொத்தம் 21 எம்பி. ஜிமெயிலில் 25 எம்பி வரை அனுப்பலாம் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் திரும்பி வருகிறது?

பதில்: மின்னஞ்சல் எழுத்துகளைச் சுமக்கப் பிறந்தது. படத்தை அதில் ஏற்ற வேண்டுமானால் நிரல் அதை எழுத்துகளாக மாற்றியாக வேண்டும். மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது. உங்கள் 21 எம்பி வழியில் 28 எம்பியாக வீங்கிவிடும். 18 எம்பியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது படங்களை இரண்டு கடிதங்களாகப் பிரித்து அனுப்புங்கள்.

கேள்வி: நண்பர் தமிழில் எழுதிய பழைய கடிதங்கள் சில வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன. போனது போனதுதானா?

பதில்: இல்லை, மனம் தளராதீர்கள். முதலில் அந்தக் கிறுக்கலை உற்றுப் பாருங்கள். தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ'யும், அதை அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' எழுதிய குறியும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? அப்படியென்றால் எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன. எழுத்துகளை எண்களாகச் சேமிக்க இன்று பொதுவாக வழங்கும் முறையான யூனிகோடில், தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் பொது. இரண்டாவது பைட் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். அவற்றை மேலை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து நிரல் தனித்தனியாகக் காட்டும்போதுதான் இந்த 'ஏ', 'ஆர்' வரிசை தோன்றுகிறது. கடிதத்தைத் திறந்துவைத்து, 'வியூ' பட்டியலில் எழுத்துக் குறியாக்கத்தைச் சீர்செய்யும் கட்டளையை அழுத்துங்கள். நான் செய்து பார்த்த கடிதங்களில் கண்ணெதிரே 'அன்புள்ள' என்று வரி விரிந்தது.

அந்த வரிசை தென்படாமல் பலவகைக் குறிகள் கலந்து கிடந்தால், அது யூனிகோடு பரவுவதற்கு முந்தைய 'டிஸ்கி', 'டாப்' போன்ற குறியாக்கத்தில் எழுதியதாக இருக்கலாம். அதை நிரல் சரிசெய்யாது. உரையை நகலெடுத்து, அந்தக் குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றித்தரும் கருவியில் இடுங்கள். கடிதத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: புதுக் கணினி வாங்கப்போகிறேன். கடிதங்களை எப்படிக் கொண்டுபோவது?

பதில்: எல்லாமே ஐமேப் என்றால் புதுக் கணினியில் கணக்கைச் சேர்த்தால் போதும், கடிதங்கள் தாமாக வந்து சேரும். உங்கள் கணினியில் மட்டும் நீங்கள் உருவாக்கிய உள்ளூர்க் கோப்புறைகள், முகவரிப் புத்தகம், வடிகட்டும் விதிகள் ஆகியவை அப்படி வரமாட்டா. 'பாப்' கடிதங்களும் வரமாட்டா.

இவையெல்லாம் 'புரொஃபைல்' என்ற ஒரே கோப்புறைக்குள் இருக்கின்றன. உதவிப் பட்டியலில் சிக்கல் தீர்க்கும் தகவல் பக்கத்தைத் திறந்தால், அந்தக் கோப்புறையைத் திறந்துகாட்டும் பொத்தான் இருக்கும். திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் நகல் அரைகுறையாக அமையக்கூடும். பிறகு கோப்புறை முழுவதையும் வெளி வன்தட்டு ஒன்றுக்கு நகலெடுங்கள். நகலுக்குள் 'மெயில்' என்ற உட்கோப்புறை இருக்கும். உள்ளூர்க் கடிதங்களும் 'பாப்' கடிதங்களும் அதில்தான் உள்ளன. அதன் அளவும் மூலத்தின் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகே பழைய கணினியைக் கைமாற்றுங்கள்.