தங்கையின் கல்லீரல் நோய் எனக்கும் வருமா?

கேள்வி: என் தங்கைக்கு 22 வயது. ஆட்டோஇம்யூன் ஹெப்படைட்டிஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய்) என்று, அந்தச் சக்தியை அடக்க ஸ்டீராய்டும் அசாதயோப்ரினும் கொடுக்கிறார்கள். வீட்டுக்கே வந்த ஒரு லேப் ஏஜென்ட், எனக்கும் என் 4 வயது மகளுக்கும் ஜீன் டெஸ்ட் எடுத்தால் இந்த நோய் வருமா என்று முன்பே தெரிந்துவிடும் என்கிறார். எங்கள் அம்மாவுக்கு அப்பா தாய்மாமன் முறை. டெஸ்ட் எடுக்கலாமா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தைத் தங்கையின் மருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எது நம் உடம்பு, எது வெளியிலிருந்து வந்தது என்று எதிர்ப்புச் செல்களுக்கு அடையாளம் காட்டும் ஜீன்கள் சில உண்டு. அவற்றுக்கு ஹெச்எல்ஏ என்று பெயர். இவற்றில் டிஆர்3, டிஆர்4 வகைகள் இருக்கும் ஐரோப்பியர்களிடம் இந்த நோய் கொஞ்சம் அதிகம். தென் அமெரிக்காவில் பார்த்தால் டிஆர்13 முன்னால் நிற்கிறது. ஊருக்கு ஊர் மாறுகிற சங்கதி இது. அதோடு, இந்த வகை ஜீன் இருப்பவர்களில் பெரும்பாலானோர் கடைசிவரை கல்லீரல் தொல்லையே இல்லாமல் வாழ்கிறார்கள்.

டென்மார்க்கில் நாடு முழுவதும் கணக்கெடுத்தார்கள். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட 5 மடங்கு. ஏஜென்ட் இதோடு நிறுத்திக்கொள்வார். நோயே அரிது என்பதால், அந்த 5 மடங்கும் சேர்ந்து 10 வருடத்தில் 1,000 பேரில் ஒருவர்தான். ஒரே மாதிரி இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, மற்றவருக்கும் வருவது 100-க்கு 9 என்ற அளவில்தான் இருந்தது. இதில் 4 வயதுக் குழந்தையைக் குத்தி ரத்தம் எடுத்து என்ன தெரியப்போகிறது?

ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் 'ரிஸ்க்' என்று வரும். அதை வைத்து அடுத்த பேக்கேஜ் விற்பார்கள். விளக்கிச் சொல்ல ஒரு மரபியல் ஆலோசகர் மாவட்டத் தலைநகரில்கூட கிடைப்பதில்லை. விற்க மட்டும் ஆள் வீட்டு வாசலுக்கே வருகிறார். இதைத் தட்டிக்கேட்க ஆளில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத கோபம்.

சரி, ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் விடாமல் கேட்க வேண்டும். வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. செம்பு வெளியேறாமல் கல்லீரலில் தங்கிவிடும். இளவயதில் வரும்போது அப்படியே ஆட்டோஇம்யூன் நோய் போலவே தெரியும், ஆட்டோஇம்யூன் நோய்க்குப் பார்க்கும் ஏஎன்ஏ என்ற ரத்த டெஸ்ட்கூட பாசிட்டிவ் வரலாம். இது ஒரே ஜீனால் வருவது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால் நோய். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல். உடன்பிறந்தவருக்கு 4-இல் 1. தங்கைக்கு செருலோபிளாஸ்மின் (ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம்) அளவு, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு அளவு, கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்ற கண் பரிசோதனை, மூன்றும் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள். வில்சன் என்று உறுதியானால் மருந்தே வேறு. ஸ்டீராய்டால் செம்பு இறங்காது. அப்போது உங்களுக்கும் இந்தப் பரிசோதனைகள் கட்டாயம் வேண்டும், ஜீன் டெஸ்ட்டுக்கும் அர்த்தம் உண்டு. தொந்தரவு தெரியும் முன்பே மருந்து தொடங்கியவர்கள் நன்றாக இருக்கிறார்கள்.

இல்லை, ஆட்டோஇம்யூன்தான் என்று முடிவானால், நீங்கள் ஒருமுறை கல்லீரல் எப்படி இருக்கிறது என்று காட்டும் சாதாரண எல்எஃப்டி ரத்தப் பரிசோதனை எடுத்தால் போதும். அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். மகளுக்கு ஒன்றும் வேண்டாம்.

அப்புறம், யாராவது சீந்தில் பொடியோ பெயரில்லாத லேகியமோ கொண்டுவந்தால் தங்கைக்குக் கொடுக்காதீர்கள். கொரோனா காலத்தில் மும்பையில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி 2021-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களிடம் கண்டது ஏறக்குறைய இதே ஆட்டோஇம்யூன் பாதிப்புதான். கண்ணில் மஞ்சள் போய்விட்டது, முகம் வீங்குகிறது என்று ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவும் கூடாது. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.