கண் மருத்துவர் பதில்கள்: மார்க்கிங் மெஷினும் கண்ணும்

கேள்வி: பீன்யாவில் ஒரு பட்டறையில் ஸ்டீல் பாகங்களுக்கு நம்பர் போடும் 20 வாட் ஃபைபர் லேசர் மெஷினில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மெஷினுக்கு மூடி கிடையாது. அதன் சிவப்பு வெளிச்சத்தைத் தினமும் பார்க்கிறேன். கூசவும் இல்லை, வலிக்கவும் இல்லை. கண்ணாடி அவசியமா? கூலிங் கிளாஸ் போதுமா?
– வாசகர், தாசரஹள்ளி, பெங்களூரு

பதில்: அவசியம், தம்பி. கூலிங் கிளாஸ் போதவே போதாது.

நீங்கள் பார்க்கும் சிவப்பு, எழுத்து எங்கே விழும் என்று காட்டும் குறி மட்டும்தான். ஸ்டீலைச் சுடுவது 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிர். அது யார் கண்ணுக்கும் தெரியாது. கூசுகிற வெளிச்சம் என்றால் கால் நொடியில் இமை மூடிக்கொள்ளும். இதற்கு மூடாது. கருவிழியும் லென்ஸும் இந்தக் கதிரை உள்ளே விட்டு, பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல் விழித்திரையில் ஒரு புள்ளியில் குவித்துவிடும். செறிவு ஏறக்குறைய லட்சம் மடங்கு கூடும். விழித்திரையில் வலி நரம்பு கிடையாது, வெந்தாலும் தெரியாது.

சில வருடம் முன்பு கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன் ஒருவர் வந்தார். "பஸ் போர்டுல மூணு நம்பர் இருந்தா நடு நம்பரைக் காணோம் மேடம்" என்றார். வலது கண்ணை மூடினால்தான் அப்படி. இடது கண்ணில், எழுத்துப் படிக்க உதவும் மேக்குலாவின் நட்டநடுவில் ஒரு தழும்பு. பளபளப்பான தகட்டை நேராக்கக் குனிந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம். நல்ல கண் ஈடுகொடுத்ததால் மூன்று வாரம் அவருக்கே தெரியவில்லை. அங்கே போன செல்கள் திரும்ப வளராது. 24 வயதுப் பையனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லேசர் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60825-1. அதில் அரை வாட்டுக்கு மேல் போனாலே கிளாஸ் 4, அதாவது மிக ஆபத்தான கடைசி வகுப்பு. உங்கள் மெஷின் அதைப்போல் 40 மடங்கு. கிளாஸ் 4-ல் நேர்க்கதிர் மட்டுமல்ல, தகட்டில் பட்டுச் சிதறி வருவதும் கண்ணைக் கெடுக்கலாம். அதே மெஷினை முழுக்க மூடி, கதவைத் திறந்தால் லேசர் நின்றுபோகும்படி இன்டர்லாக் வைத்தால் மிகப் பாதுகாப்பான கிளாஸ் 1 ஆகிவிடும். முதலாளியிடம் கேட்க வேண்டியது இதைத்தான். ஒன்று கவனியுங்கள்: அக்ரிலிக் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதிரை (10,600 நானோமீட்டர்) தெளிவான அக்ரிலிக் தடுக்கும், உங்கள் கதிர் அதே அக்ரிலிக்கை ஊடுருவிப் போகும். அதை மாட்டிவிட்டு "மூடியாச்சு" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மூடி வரும்வரை, கண்ணாடிமேலேயே 1064 என்ற எண்ணும், கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஓடி (OD) 6 அல்லது அதற்கு மேல் என்ற அளவும் அச்சிட்டதை மட்டும் போடுங்கள். ஓடி 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். எண் இல்லாத பச்சைக் கண்ணாடியை நம்பாதீர்கள். பளபளப்பில் கதிர் பட்டுத் திரும்பாமலிருக்க மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் மாதக் காலண்டரை எடுத்து, ஒரு கண்ணை மூடி, நடுக் கட்டத்துத் தேதியையே பாருங்கள். பிறகு அடுத்த கண். கோடு வளைந்தாலோ தேதி மறைந்தாலோ மறுநாளே சாமராஜ்பேட்டை மின்டோ அரசு கண் மருத்துவமனைக்குப் போங்கள். லேசர் வேலை என்று முதலிலேயே சொல்லி, சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். காலண்டரில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், இரண்டு வருடம் ஆகிவிட்டதால் இந்த மாதத்துக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள், தம்பி.