கெர்னல் ஆவணத்தை மாற்ற ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் டாக்குமென்டேஷன் அடைவில் இன்னும் வெறும் டெக்ஸ்ட்டாகக் கிடக்கும் ஒரு கோப்பை ஆர்எஸ்டி (எளிய குறியீடுகள் கொண்ட உரை) வடிவத்துக்கு மாற்றி, என் முதல் பேட்சாக, அதாவது கெர்னலில் சேர்க்கக் கோரும் மாற்றமாக, அனுப்ப ஆசை. ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பேண்டாக் கருவியில் போட்டு எடுத்தால் போதுமா? 8,000 ரூபாய் கொடுத்தால் தாங்களே தயாரித்து என் பெயரில் ஏற்க வைப்பதாக ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. நம்பலாமா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். பேட்சை ஏற்பதும் தள்ளுவதும் அந்தந்தப் பகுதியின் பொறுப்பாளரான மெய்ன்டெய்னர் கையில் இருக்கிறது. "ஏற்க வைக்கிறோம்" என்று சொல்லும் உரிமை எந்த மையத்துக்கும் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், பேட்சின் அடியில் உங்கள் பெயரோடு வரும் 'சைன்டு-ஆஃப்-பை' வரி. இதை நான் எழுதினேன், அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்று நீங்கள் தரும் உறுதிமொழி அது. வேறொருவர் எழுதியதை உங்களுடையதாகக் காட்டி அதில் கையெழுத்திட்டால் அது பொய். பேட்ச்கள் போகும் பொது மின்னஞ்சல் பட்டியலின் காப்பகத்தில் அது நிரந்தரமாக நிற்கும். மெய்ன்டெய்னர் ஒரு சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், அந்த மையம் வராது. வேலை தேடும் பிள்ளைகளிடம் இப்படிப் பணம் பிடுங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

சரி, பேண்டாக். 2016இல் வந்த 4.8 பதிப்பில்தான் ஆர்எஸ்டியும், அதை வலைப்பக்கமாக்கும் ஸ்ஃபின்க்ஸ் கருவியும் கெர்னலுக்குள் வந்தன. அதற்கு முன்பு டாக்புக் என்ற எக்ஸ்எம்எல் முறை இருந்தது. ஆர்எஸ்டியின் வசதியே, கோப்பைக் கட்டளைத் திரையில் அப்படியே திறந்தாலும் படிக்க முடியும் என்பதுதான். அதனால் குறியீடு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பேண்டாக்கோ பத்திகளின் வரிகளை வெட்டி ஒட்டி மறுபடி அடுக்கிவிடும். நீங்கள் தொட்டது பத்து வரி என்றாலும் கோப்பு முழுவதும் மாறியது போல பேட்ச் வீங்கும். அதை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

கையால் செய்யுங்கள். பழைய கோப்பில் ஒரு நினைவக முகவரிப் பட்டியல், இடைவெளி விட்டு நெடுவரிசையாக அடுக்கியிருக்கும் என்று வையுங்கள். அப்படியே விட்டால் ஸ்ஃபின்க்ஸ் அதை ஒரு பத்தியாக எடுத்துக்கொண்டு எல்லா வரிகளையும் ஒன்றாகக் குழைத்துவிடும். பட்டியலுக்கு முந்தைய வரி ':' என்று முடிந்தால் அதை '::' ஆக்குங்கள், அடுத்து ஒரு வெற்று வரி விடுங்கள், பட்டியல் உள்தள்ளியிருக்கட்டும். பட்டியல் அப்படியே நிற்கும். முக்கால்வாசி வேலை இதுதான்.

அப்புறம் 'கிட் எம்வி' கட்டளை கொண்டு கோப்பின் பெயரை ஆர்எஸ்டி என முடியும்படி மாற்றி, அந்த அடைவின் இண்டெக்ஸ் கோப்பில் உள்ள டாக்ட்ரீ என்ற பொருளடக்கப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பழைய பெயர் வேறெங்கே இருக்கிறது என்று கெர்னல் முழுக்க 'கிரெப்' என்ற தேடல் கட்டளை போட்டுப் பாருங்கள். மெய்ன்டெய்னர்ஸ் கோப்பிலும் இருக்கலாம். பிறகு ஆவணங்களை வலைப்பக்கமாக்கும் 'மேக் ஹெச்டிஎம்எல்டாக்ஸ்' கட்டளையை ஓட்டுங்கள். உங்கள் கோப்பால் ஒரு எச்சரிக்கைகூட வரக்கூடாது. வடிவம் மட்டும் மாறி, உள்ளே இருப்பது பல வருடம் பழைய தகவல் என்றால் யாருக்கும் பயனில்லை, அதையும் திருத்துங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டிவைஸ்ட்ரீ என்பது ஒரு கருவியில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரம்; அதை எப்படி எழுத வேண்டும் என்ற விதிகள் பைண்டிங்ஸ். உங்கள் கோப்பு அந்த பைண்டிங்ஸ் அடைவில் இருந்தால், மாற்றும் முறை பற்றி இதுவரை சொன்னது பொருந்தாது. அங்கே டெக்ஸ்ட் கோப்பு, கணினி படிக்கக்கூடிய யாமல் வடிவத்துக்குத்தான் மாறும், ஆர்எஸ்டிக்கு அல்ல. காரணம், அது மனிதர் படிக்கும் விளக்கம் மட்டுமல்ல. டிவைஸ்ட்ரீ கோப்புகளைக் கணினி அதை வைத்தே சோதிக்கிறது. எந்தப் பண்பு கட்டாயம், எது எண், எது சரம் என்று ஒவ்வொன்றையும் வரையறுக்க வேண்டும். சோதிக்கும் கட்டளை வேறு, 'மேக் டிடி_பைண்டிங்_செக்'. பார்க்கும் மெய்ன்டெய்னர்களும் வேறு. அடைவின் பெயரைப் பார்க்காமல் தொடங்கி, ஒரு வாரம் உழைத்து, முதல் பதிலிலேயே திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அனுப்பும்போது ஹெச்டிஎம்எல் மின்னஞ்சல் வேண்டாம், பட்டியல் நிராகரித்துவிடும். யாருக்கு அனுப்புவது என்பதை 'கெட்_மெய்ன்டெய்னர்' ஸ்கிரிப்ட் சொல்லும். பிறகு காத்திருப்பு. ஆவணப் பகுதியினர் எடுப்பார்கள் என்று டிரைவர் பகுதியினரும், டிரைவர் பகுதியினர் எடுப்பார்கள் என்று ஆவணப் பகுதியினரும் இருந்து, நல்ல பேட்ச் நடுவில் தொங்குகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதற்கு ஒரு வழி செய்யாதது அநியாயம். அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் 'மெர்ஜ் விண்டோ' திறந்திருக்கும் இரண்டு வாரத்தில் பதிலை எதிர்பார்க்காதீர்கள். மற்றபடி குறைந்தது ஒரு வாரம் பொறுத்து, அதே மின்னஞ்சல் இழையில் பணிவாக ஒரு வரி நினைவூட்டுங்கள்.